வலியது எது, மெலியது எது

மேல்நிலை வகுப்பு வேதியியல் தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது: மூலக்கூறுகளுக்கு இடையேயான விசைகளை வலிமையின் இறங்குவரிசையில் எழுதுக. விடை மாணவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். முதலில் ஹைட்ரஜன் பிணைப்பு, அடுத்து இருமுனை–இருமுனை ஈர்ப்பு, கடைசியில் லண்டன் விசை. எழுதினால் முழு மதிப்பெண் நிச்சயம்.

எழுதிய கையோடு இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கலாம். தண்ணீரில் ஹைட்ரஜன் பிணைப்புக்குப் பஞ்சமே இல்லை. அது 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. டீசலில் கலந்திருக்கும் ஹெக்சாடெக்கேனில் ஹைட்ரஜன் பிணைப்பு கிடையாது, சொல்லிக்கொள்ளும்படியான இருமுனையும் கிடையாது. பட்டியலின் கடைசியில் நிற்கும் லண்டன் விசை ஒன்றுதான் அதன் மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. அது கொதிப்பது 287 டிகிரியில். அப்படியானால் எது வலிய விசை?

பட்டியல் பொய் சொல்லவில்லை. எதை எதோடு, எந்த அளவில் ஒப்பிட்டு அந்த வரிசை வந்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது. வேதியியலின் ருசியே அந்த விடுபட்ட பகுதியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

அளவுகோலை முதலில் சரிபார்த்துக்கொள்வோம். தண்ணீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்து போவதாக நினைப்பவர்கள் கல்லூரியிலும் இருக்கிறார்கள். பிரிவது மூலக்கூறும் மூலக்கூறும்தான். ஒரு மோல், அதாவது 18 கிராம் தண்ணீரை அறை வெப்பநிலையில் ஆவியாக்க 44 கிலோஜூல் போதும். மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் கட்டியிருக்கும் சகப்பிணைப்பு ஒன்றை அறுக்கவோ மோலுக்குச் சராசரியாக 463 கிலோஜூல் வேண்டும். ஒவ்வொரு மூலக்கூறிலும் அப்படி இரண்டு. அடுப்பில் வைத்த பாத்திரத்தின் சூடு அந்தக் கட்டைத் தொடக்கூட முடியாது. ஆகவே கொதிநிலையும் ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பமும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுகப் பிடித்திருக்கின்றன என்பதற்கான அளவைகள். குறைகள் உள்ள அளவைகள்தான், அவற்றைப் பிறகு பார்ப்போம்.

இப்படி ஒரு பிடி இருக்கிறது என்பதைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். யோகன்னஸ் டிடரிக் வான் டெர் வால்ஸ் 1837-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். லத்தீனும் கிரேக்கமும் படிக்காததால் பல்கலைக்கழகத் தேர்வுகள் அவருக்கு நெடுநாள் மூடியே இருந்தன. விதி தளர்ந்த பிறகு 1873-ல் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தார். வாயு மூலக்கூறுகளுக்குப் பருமன் உண்டு, ஒன்றையொன்று ஈர்க்கும் குணமும் உண்டு என்று வைத்துக்கொண்டு, பழைய வாயுச் சமன்பாட்டில் இரண்டு திருத்தங்களைச் சேர்த்தார். மூலக்கூறு என்ற ஒன்று உண்மையில் இருக்கிறதா என்றே பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1910-ல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அவருடைய ஈர்ப்புத் திருத்தத்தின் மதிப்புகள் இன்றும் பாடநூல்களின் பின்பக்கத்து அட்டவணைகளில் இருக்கின்றன. யாரும் நின்று பார்ப்பதில்லை. ஹீலியத்துக்குச் சுமார் 0.03, தண்ணீருக்கு 5.5, பென்சீனுக்கு 18. அலகு எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், விகிதத்தைப் பாருங்கள். ஹைட்ரஜன் பிணைப்பே இல்லாத பென்சீன், தண்ணீரைவிட மூன்று மடங்கு மேலே நிற்கிறது. நம் தேர்வுப் பட்டியலின் ஓட்டை, இந்தத் துறையின் மிகப் பழைய அளவையிலேயே தெரிகிறது.

ஹீலியத்தின் அந்த 0.03 சிறியதுதான், பூச்சியமில்லை. அதே லைடனில் காமர்லிங் ஓனஸ், வான் டெர் வால்ஸின் கொள்கையை வழிகாட்டியாகக் கொண்டு, 1908 ஜூலை 10 அன்று ஹீலியத்தைத் திரவமாக்கினார். வெப்பநிலை மைனஸ் 269 டிகிரி. குளிர்வித்தால் திரவமாகிறது என்றால் ஹீலியம் அணுக்கள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்றுதானே பொருள்? எதைக்கொண்டு ஈர்க்கின்றன? மின்சுமை இல்லை, முனைகள் இல்லை, உருண்டையான எலக்ட்ரான் மேகம் மட்டும்தான். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இயற்பியலாளர்கள் கீசோமும் டெபையும் தந்த விளக்கங்கள் இரண்டுமே நிரந்தர மின்முனை உள்ள மூலக்கூறுகளை வைத்துக் கட்டப்பட்டவை. ஹீலியத்தின் முன் அவை வாயடைத்துப் போயின.

விடை 1930-ல் வந்தது. ஃபிரிட்ஸ் லண்டன் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு காட்டியது இதுதான்: எலக்ட்ரான்கள் ஒருபோதும் முற்றாக அசைவற்று இருக்க முடியாது. ஒரு கணத்தில் மேகம் இந்தப் பக்கம் சற்று அடர்ந்திருக்கும், மறுகணம் அந்தப் பக்கம். பக்கத்து அணுவின் மேகம் அதற்கு இசைந்து அசையும்போது இரண்டின் கூட்டு ஆற்றலும் கொஞ்சம் குறைகிறது. அந்தக் குறைவே ஈர்ப்பு. சராசரி எடுத்தால் எந்த முனையும் மிஞ்சாது, ஈர்ப்பு மட்டும் மிஞ்சும். தூரம் இரு மடங்கானால் இந்த ஈர்ப்பாற்றல் 64-ல் ஒரு பங்காக விழுந்துவிடும். ஆகவே தொட்டுக்கொண்டிருக்கும் பரப்புகளுக்கே பலன். லண்டன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

இருமுனை பெரிதா, லண்டன் விசை பெரிதா என்று நேருக்கு நேர் மோதவிட ஒரு நல்ல களம் உண்டு. ஹைட்ரஜன் குளோரைடு, புரோமைடு, அயோடைடு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருமுனையின் அளவு, டெபை என்ற அலகில், வரிசையாக 1.08, 0.82, 0.44. பட்டியலை நம்பினால் குளோரைடே அதிக வெப்பநிலையில் கொதிக்க வேண்டும். உண்மையில் அது மைனஸ் 85-ல் கொதிக்கிறது, புரோமைடு மைனஸ் 67-ல், அயோடைடு மைனஸ் 35-ல். இருமுனை பாதிக்கும் கீழே இறங்க, கொதிநிலை 50 டிகிரி ஏறியிருக்கிறது. ஏற்றியது எலக்ட்ரான்களின் எண்ணிக்கை: 18, 36, 54.

இதே எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் உள்ள மந்த வாயுக்களும் நமக்கு வசதியாகக் கையில் இருக்கின்றன. ஆர்கான் (18) மைனஸ் 186-ல் கொதிக்கும், கிரிப்டான் (36) மைனஸ் 153-ல், செனான் (54) மைனஸ் 108-ல். ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துக் கழித்தால் வித்தியாசம் 101, 86, 73 என்று வருகிறது. இருமுனை சுருங்கச் சுருங்க வித்தியாசமும் சுருங்குகிறது. அழகான கணக்குதான். ஆனால் அந்த 101 டிகிரியையும் இருமுனையின் பேரில் வரவு வைத்துவிடக் கூடாது. ஹைட்ரஜன் குளோரைடின் எலக்ட்ரான் மேகம் ஆர்கானின் மேகத்தைவிட எளிதில் நெளியக்கூடியது. இதைத்தான் முனைவுறும் தன்மை என்கிறார்கள். லண்டன் விசையின் ஆதாரமே அந்த நெளிவுதான். விரிவாகக் கணக்கிட்டவர்கள், ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறுகளின் ஈர்ப்பில்கூட முக்கால் பங்குக்கு மேல் லண்டன் விசையே என்று காட்டியிருக்கிறார்கள். முனையுள்ள மூலக்கூறு என்று பாடநூல் எடுத்துக்காட்டும் பொருளின் கதையே இது.

குளோரோஃபார்முக்கு இருமுனை உண்டு, கொதிநிலை 61. கார்பன் டெட்ராகுளோரைடுக்கு இருமுனை பூச்சியம், கொதிநிலை 77. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரி, ஹைட்ரஜன் பிணைப்பின் பக்கம் வருவோம். அதைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. ஆக்சிஜன் குடும்பத்தின் ஹைட்ரைடுகளைக் கீழிருந்து வரிசைப்படுத்தினால், டெல்லூரியத்துடையது மைனஸ் 2-ல், செலினியத்துடையது மைனஸ் 41-ல், கந்தகத்துடையது மைனஸ் 60-ல் கொதிக்கின்றன. அதே சரிவில் கோட்டை நீட்டினால் தண்ணீர் மைனஸ் 70, 80-ஐ ஒட்டி எங்காவது கொதித்திருக்க வேண்டும். நடப்பதோ 100-ல். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் லாட்டிமரும் ரோடபுஷும் 1920-ல் இதற்கான கருத்தை வெளியிட்டார்கள்: ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் தனித்த எலக்ட்ரான் இணையோடும் ஒரு பலவீனமான பிணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. தண்ணீரில் அப்படி ஒரு பிணைப்பின் மதிப்பு மோலுக்குச் சுமார் 20 கிலோஜூல். இரண்டு மீத்தேன் மூலக்கூறுகள் தொட்டு நிற்கும்போது கிடைப்பது ஓரிரு கிலோஜூல்தான். ஒரு தொடுகைக்கு ஒரு தொடுகை என்று பார்த்தால், பட்டியல் சொல்வது முழு உண்மை.

மூலக்கூறின் அளவைச் சமமாக வைத்தாலும் பட்டியல் தேறிவிடும். பியூட்டேன், அசிட்டோன், புரோப்பனால் மூன்றும் ஏறக்குறைய ஒரே நிறை. கொதிநிலைகள் மைனஸ் 0.5, 56, 97. லண்டன் விசை மட்டும், இருமுனையும் சேர்ந்தது, ஹைட்ரஜன் பிணைப்பும் சேர்ந்தது என்று படிப்படியாக ஏறுகிறது. ஒரே அணுக்களைக் கொண்ட எத்தனாலும் டைமெத்தில் ஈதரும் இன்னும் கச்சிதமான இணை: 78 டிகிரிக்கு எதிராக மைனஸ் 24. ஒரு ஹைட்ரஜன் ஆக்சிஜனிடம் இருக்கிறதா, கார்பனிடம் இருக்கிறதா என்பதற்காக நூறு டிகிரி வித்தியாசம்.

ஆனால் ஹைட்ரஜன் பிணைப்புக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடின் பிணைப்பு தண்ணீரின் பிணைப்பைவிட வலிமையானது. கொதிநிலையோ வெறும் 19.5. காரணம் எண்ணிக்கை. ஃப்ளூரைடு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் கொடுக்க ஒரே ஒரு ஹைட்ரஜன். ஆகவே திரவத்தில் சராசரியாக மூலக்கூறுக்கு ஒரு பிணைப்பு. தண்ணீரிடம் இரண்டு ஹைட்ரஜனும் உண்டு, வாங்கிக்கொள்ள இரண்டு தனித்த இணைகளும் உண்டு. மூலக்கூறுக்கு இரண்டு பிணைப்பு, எல்லாத் திசையிலும் வலை. போதாததற்கு ஹைட்ரஜன் ஃப்ளூரைடு ஆவியான பிறகும் மூலக்கூறுகள் கூட்டமாகவே திரிகின்றன. கொதிக்க வைக்க எல்லாப் பிணைப்பையும் அறுக்கத் தேவையில்லை என்றால் கொதிநிலை குறைவதில் வியப்பென்ன?

எண்ணிக்கை என்ற இந்தச் சாவி ஹெக்சாடெக்கேனின் பூட்டையும் திறக்கும். பென்டேனிலிருந்து ஹெக்சேன், ஹெப்டேன், ஆக்டேன் என்று சங்கிலியில் ஒரு கார்பன் கூடும்போதெல்லாம், ஆவியாக்கத் தேவையான வெப்பம் மோலுக்குச் சுமார் 5 கிலோஜூல் கூடுகிறது. ஆக்டேனில் அது 41.5, தண்ணீரின் 44-ஐ எட்டிப் பிடிக்கும் தூரம். பதினாறு கார்பன் ஹெக்சாடெக்கேனில் 81. தேங்காய் நார் ஒன்றைக் குழந்தைகூட அறுத்துவிடும். அதே நாரைத் திரித்த வடத்தை ஊரே சேர்ந்து தேரிழுக்கும்போதும் அறுக்க முடிவதில்லை. லண்டன் விசையின் பலம் அந்த வகையைச் சேர்ந்தது.

இங்கே நின்று இன்னொரு வகுத்தலையும் செய்துவிடுவது நல்லது. மேலே சொன்னதெல்லாம் மோல் கணக்கு. கிராம் கணக்கில் பார்த்தால் காட்சி தலைகீழாகிறது. ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,440 ஜூல். ஒரு கிராம் ஹெக்சாடெக்கேனுக்கு 360. தண்ணீர் ஏழு மடங்கு மேலே. வியர்வை உலரும்போது உடம்பு இவ்வளவு குளிர்வது இதனால்தான். மூலக்கூறுக்கு எவ்வளவு, தொடுகைக்கு எவ்வளவு, கிராமுக்கு எவ்வளவு? மூன்று கேள்விகள், மூன்று வெவ்வேறு வரிசைகள். எந்த வரிசை சரி என்று கேட்பதில் பொருளில்லை.

சமையலறை சிலிண்டரில் அழுத்தத்தில் திரவமாக இருக்கும் புரோப்பேனும் பியூட்டேனும், வண்டிக்குப் போடும் பெட்ரோலும், மண்ணெண்ணெயும், டீசலும், சாலையில் ஊற்றும் தாரும் பெரும்பாலும் ஒரே குடும்பம், கார்பனும் ஹைட்ரஜனும்தான். மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் உலகின் மற்ற ஆலைகளிலும் கச்சா எண்ணெயை 350 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுகிறார்கள். நீளச் சங்கிலிகள் அடியிலேயே திரவமாகித் தங்குகின்றன, குட்டைச் சங்கிலிகள் உச்சிவரை ஏறிப் போகின்றன. இப்படிப் பிரிக்கும் வேலையைச் செய்வது கிட்டத்தட்ட முழுக்க லண்டன் விசையின் ஏற்றத்தாழ்வு. உலகப் பொருளாதாரத்தின் பெரும்பகுதி, பட்டியலின் கடைசி இடத்துக்காரர் மீது நிற்கிறது.

மூலக்கூறு கனமாக இருந்தால் கொதிநிலை அதிகம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவோர் உண்டு. விடைத்தாள்களில் இதற்கு மதிப்பெண்ணும் விழுகிறது. அது தவறு. ஹெக்சேனின் மூலக்கூறு நிறை 86, கொதிநிலை 69. அதன் ஹைட்ரஜன்களை எல்லாம் எடுத்துவிட்டு ஃப்ளூரினை வைத்தால் நிறை 338 ஆகிவிடும். கொதிநிலையோ 57-ஐ ஒட்டி இறங்கிவிடும். ஃப்ளூரின் தன் எலக்ட்ரான்களைக் கையை விரிக்காமல் இறுக்கி வைத்திருக்கும் அணு. மேகம் நெளியாது, நெளியாத மேகம் பக்கத்து மூலக்கூறோடு ஒட்டாது. நான்ஸ்டிக் தவாவின் டெஃப்லான் பூச்சில் தோசை ஒட்டாமல் வழுக்கி வருவதும் இதே காரணத்தால். கனத்துக்கும் ஈர்ப்புக்கும் நேரடி உறவு இருந்தால் டெஃப்லான் பசையாக அல்லவா இருந்திருக்கும்!

வடிவத்துக்கும் பங்கு உண்டு. பென்டேனின் மூன்று மாற்றியங்களிலும் அணுக்கள் அதே ஐந்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன். நேர்ச்சங்கிலி 36 டிகிரியில் கொதிக்கும், ஒரு கிளை உள்ளது 28-ல், உருண்டையான நியோபென்டேன் 9.5-ல். உருண்டைக்குத் தொடும் பரப்பு குறைவு. ஆனால் உருகுநிலையைப் பாருங்கள்: நேர்ச்சங்கிலிக்கு மைனஸ் 130, நியோபென்டேனுக்கு மைனஸ் 17! ஒரு அளவையில் கடைசியில் நின்றது இன்னொன்றில் முதலிடம். உருகுவதில் விசையின் அளவோடு, மூலக்கூறுகள் எவ்வளவு ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன என்பதும் சேர்ந்துகொள்கிறது. உருண்டைகள் எளிதில் அடுக்கிக்கொள்ளும். அளவைகளில் குறை உண்டு என்று முன்பு சொன்னோமே, உருகுநிலையில் அது இன்னும் அதிகம். விசைகளை ஒப்பிட உருகுநிலையை நம்புவது ஆபத்து.

மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்க, பக்கத்தில் நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருப்பதும் அடுக்கும் பிரச்சினைதான். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்கள் பெரும்பாலும் வளைவில்லாத நேர்ச்சங்கிலிகள். அது சுமார் 24 டிகிரியில் உறைகிறது. நல்லெண்ணெயில் பெரும்பங்கு வகிக்கும் ஒலியிக், லினோலியிக் அமிலங்களின் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் ஒரு முறுக்கு விழுகிறது. பதினெட்டுக் கார்பன் உள்ள நேரான ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரியில் உருகும். ஒரே ஒரு முறுக்கு விழுந்த ஒலியிக் அமிலம் 13-ல் உருகிவிடும். அதே இரட்டைப் பிணைப்பு முறுக்கு விழாத வடிவில் அமைந்தால் 45. சங்கிலி நீளம் மாறவில்லை, நெருங்கிப் படுக்கும் வசதிதான் மாறியிருக்கிறது.

லண்டன் விசையை அதிகம் நம்பி வாழும் உயிர் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பல்லி தலைகீழாக ஓடுவது எப்படி என்ற கேள்விக்கு உறிஞ்சும் காற்றுவெற்றிடம், பசை, நிலைமின்சாரம், ஈரப்படலம் என்று பல விடைகள் சொல்லப்பட்டன. அமெரிக்காவில் கெல்லர் ஆட்டமும் அவரது கூட்டாளிகளும் டோக்கே என்ற பெரிய பல்லி இனத்தின் பாதத்திலிருந்து ஒற்றை நுண்மயிரைப் பிரித்து அதன் பிடியை அளந்து 2000-ல் வெளியிட்டார்கள். ஒரு பாதத்தில் இத்தகைய மயிர்கள் சுமார் 5 லட்சம். ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கான தகடுகளாகப் பிரிகிறது, ஒரு தகட்டின் அகலம் மில்லிமீட்டரில் சுமார் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. 2002-ல் தண்ணீரை ஈர்க்கும் பரப்பிலும் விலக்கும் பரப்பிலும் சோதித்தார்கள். இரண்டிலும் ஒரேபோல ஒட்டியது. பிடிப்பது ஈரமாக இருந்தால் அப்படி நடந்திருக்காது, ஆகவே லண்டன் விசையை உள்ளடக்கிய வான் டெர் வால்ஸ் விசையே என்பது அவர்கள் முடிவு. ஈரப்பதத்துக்கும் நிலைமின்சாரத்துக்கும் சிறு பங்கு உண்டா என்ற விவாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. உலர்ந்த டெஃப்லானில் பல்லிக்குப் பிடி கிடைப்பதில்லை என்பது, ஃப்ளூரினைப் பற்றி மேலே படித்தவர்களுக்கு எதிர்பார்த்த செய்திதான். எனக்கு அதைவிட வியப்பானது பல்லி விடுவிக்கும் விதம்: மயிரின் கோணத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தினால் போதும், பிடி சட்டென்று விட்டுவிடுகிறது. அதனால்தான் ஒட்டிக்கொண்டே ஓட முடிகிறது.

கடைசியாக, பட்டியல் மிக அதிகமாக வழிதவற வைக்கும் இடம். டிஎன்ஏ-வின் இரட்டைச் சுருளைப் பிணைத்து வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று படித்திருப்போம்: அடினினுக்கும் தைமினுக்கும் இடையே இரண்டு, குவானினுக்கும் சைட்டோசினுக்கும் இடையே மூன்று. படிக்கட்டுபோல் வரையப்படும் படமும் அந்த எண்ணத்தையே ஊன்றுகிறது. ஆனால் டிஎன்ஏ இருப்பது தண்ணீருக்குள். இழைகள் பிரிந்தால் அடினின் முதலிய அந்தக் காரங்கள் ஹைட்ரஜன் பிணைப்பில்லாமல் தவித்துப் போய்விடாது. சுற்றியுள்ள தண்ணீரோடு பிணைத்துக்கொள்ளும். ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிப்பதில் நிகர லாபம் சொற்பம். 2006-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க்-கமெனெட்ஸ்கியின் குழு இரண்டு பங்களிப்புகளையும் தனித்தனியே அளந்து பார்த்தது. சுருளுக்கு நிலைப்பைத் தருவது முக்கியமாக, தட்டையான காரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும்போது உண்டாகும் ஈர்ப்பு. அதில் லண்டன் விசைக்குப் பெரிய பங்கு. தண்ணீர் தட்டையான பரப்புகளை வெளியே தள்ளுவதும் சேர்கிறது. குவானின்–சைட்டோசின் இணைகளின் ஹைட்ரஜன் பிணைப்பு தந்த நிலைப்பு ஏறத்தாழப் பூச்சியம். அடினின்–தைமின் இணைகளில் அது சுருளைச் சற்றுக் குலைக்கவே செய்தது.

அப்படியானால் ஹைட்ரஜன் பிணைப்புக்கு அங்கே என்ன வேலை? யாரோடு யார் சேர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. திசையும் இடமும் பொருந்தினால்தான் அது அமையும். பொருந்தாத இணை தண்ணீரோடு இருந்த பிணைப்பையும் இழந்து, புதியதையும் பெறாமல் போகும். அந்த நட்டத்தைச் சுருள் தாங்காது. கொரோனா காலத்தில் ஊரெங்கும் செய்த பிசிஆர் சோதனை இந்த இரண்டு குணங்களையும் மாறி மாறிப் பயன்படுத்துகிறது. சுமார் 95 டிகிரிக்குச் சூடேற்றினால் அடுக்கும் குலைந்து, இணைகளும் பிரிந்து, இழைகள் இரண்டாகின்றன. இழையின் முதுகெலும்பான சகப்பிணைப்புகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. குளிர்வித்ததும், கலவையில் போட்டிருக்கும் குட்டி இழைகள் தங்களுக்குப் பொருத்தமான இடத்தைத் தேடி ஒட்டிக்கொள்கின்றன.